வனச் சட்டங்களின் தாவரவியல்: ஒரு திறனாய்வு

மூங்கில் எவ்வகைத் தாவரம் என்று பள்ளி மாணவரைக் கேட்டால், புல் இனத்தைச் சேர்ந்தது என்று தயங்காமல் கூறுவார். நெல், கரும்பு, சோளம் ஆகியவை இடம்பெறும் அதே குடும்பத்தில்தான் மூங்கிலுக்கும் இடம். ஆனால் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் வேறுவிதமாகக் கூறியது. அதன் 2ஆம் பிரிவில் 'மரம்' என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்தில் பனை இனங்கள், மூங்கில், அடிமரக்கட்டை, புதர், பிரம்பு ஆகிய ஐந்தும் சேர்க்கப்பட்டன. மூங்கில் என்னும் அந்த ஒரு சொல் 2017இல்தான் நீக்கப்பட்டது. ஆக, தொண்ணூறு ஆண்டுகள் மூங்கில் சட்டப்படி மரமாக இருந்தது!

சட்டம் எழுதியவர்களுக்குத் தாவரவியல் தெரியவில்லை என்று சிரித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் அச்சொல்லால் ஒரு கிராமத்தார் தம் காட்டில் வெட்டிய மூங்கிலைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாமல் நின்றிருக்கிறார்கள். சட்ட வாசகங்களில் வரும் தாவரவியலையும் விலங்கியலையும் ஒரு நூலைத் திறனாய்வது போல வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டிய தேவை அதனால்தான் எழுகிறது. 1927ஆம் ஆண்டுச் சட்டம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகிய மூன்று வாசகங்களை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலில் அறிவியல் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். வேம்பு, தேக்கு போன்ற மரங்களின் தண்டில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் வளர்திசு இருக்கிறது. அது ஆண்டுதோறும் உட்புறம் புதுக் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போவதால் மரம் பருக்கிறது. உள்ளே வைரம் பாய்கிறது. மூங்கிலுக்கோ கேம்பியமே கிடையாது. மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளிவரும்போது குருத்து எவ்வளவு பருமனோ, கழியும் கடைசிவரை ஏறத்தாழ அவ்வளவு பருமன்தான். சில மாதங்களுக்குள் முழு உயரத்தை எட்டிவிடும். அதன் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் அது முற்றுகிறது. அதாவது, செல் சுவர்களில் லிக்னின் படிந்து உறுதி பெறுகிறது. புதுக் கழிகள் நிலத்தடியிலுள்ள மட்டத்தண்டிலிருந்து ஆண்டுதோறும் கிளம்பிக்கொண்டே இருக்கும். எனவே மூன்று ஆண்டு கடந்த கழிகளை வெட்டி, இளங்கழிகளை விட்டுவைத்தால் தூறு அழியாது. தேக்கை வெட்டினால் மீண்டும் அந்தப் பருமன் காணப் பல பத்தாண்டுகள் ஆகும். மூங்கில் வெட்டை மரம் வெட்டுவதோடு ஒப்பிடுவதைவிடக் கீரை கிள்ளுவதோடு ஒப்பிடுவது பொருத்தம்.

தமிழ் படித்தவர்க்கு இந்த வேறுபாடு புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் கொண்டவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. முன்னதைப் புறக்காழ் என்றும் பின்னதை அகக்காழ் என்றும் சொல்வர். தெங்கு, பனை, கமுகு, மூங்கில் ஆகியவை புறக்காழ், ஆகவே புல். ஒருவித்திலைத் தாவரத் தண்டில் சாற்றுக்குழாய்த் தொகுப்புகள் விளிம்பை ஒட்டி நெருங்கியும் நடுவில் விலகியும் இருப்பதை நுண்ணோக்கியில் காணும் மாணவர், அந்தப் பழைய பாகுபாடு எதைக் கண்டு செய்யப்பட்டது என்பதை எளிதில் உணர்வார். (நம் மாநில மரமான பனையும் தொல்காப்பியப்படி புல்தான் என்பது வேறு கதை.)

இனி, 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்னோடிகளை வகுத்த வனத்துறையினர் தாவரவியல் அறியாதவர்களா? அல்லர். இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளராக 1864இல் அமர்ந்த டீட்ரிச் பிராண்டிஸ் சிறந்த தாவரவியலாளர். 1906இல் வெளியான அவருடைய 'இந்திய மரங்கள்' என்னும் பெருநூலின் துணைத் தலைப்பிலேயே மரம், குற்றுமரம், கொடி, மூங்கில், பனை இனம் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கேம்பிள் என்னும் வன அதிகாரி 1896இலேயே பிரிட்டிஷ் இந்தியாவின் மூங்கில்களைப் பற்றித் தனி ஆய்வு நூல் எழுதினார். மூங்கில் புல்தான் என்பது அத்துறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே அதை மரம் என்று எழுதினார்கள்.

காரணம் யாது? அதே பிரிவில் அடுத்துள்ள சொற்களைப் படித்தால் விளங்கும். 'வெட்டுமரம்' என்பதற்கு, விழுந்த அல்லது வெட்டப்பட்ட மரங்கள் எல்லாம் அதில் அடங்கும் என்று விளக்கம் தரப்பட்டுள்ளது. மூங்கில் மரம், வெட்டப்பட்ட மரம் வெட்டுமரம், எனவே வெட்டப்பட்ட மூங்கில் வெட்டுமரம். வெட்டுமரம் எங்கே விளைந்தாலும், காட்டில் விளைந்தாலும் வீட்டுக் கொல்லையில் விளைந்தாலும், அது 'வனவிளைபொருள்' என்று இன்னொரு வரி கூறுகிறது. வனவிளைபொருளைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு கேட்க 41ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஒரு பொருள் அரசுக்குச் சொந்தமா என்ற வழக்கு எழுந்தால், மறுதரப்பு மெய்ப்பிக்கும்வரை அது அரசுக்கே சொந்தம் என்று கொள்ள வேண்டும் என்கிறது 69ஆம் பிரிவு. மூங்கிலை ஒரு வரியில் மரமாக்கிவிட்டால் மற்றவை தாமாகவே பின்தொடர்கின்றன. ஒரு சட்டத்தின் தேவைக்காக ஒரு சொல்லுக்குச் சிறப்புப் பொருள் தருவது சட்ட மரபில் உண்டுதான். அதை நான் குறை கூறவில்லை. அந்தத் தேவை யாருடையது என்பதே கேள்வி.

எங்கே விளைந்தாலும் வனவிளைபொருளாகும் பொருள்களின் பட்டியல் சுவையானது. வெட்டுமரம், கரி, ரப்பர், காசுக்கட்டி, மர எண்ணெய், குங்கிலியம் போன்ற பிசின்கள், மரப்பட்டை, அரக்கு, இலுப்பைப் பூ, இலுப்பை விதை, கடுக்காய் முதலியவை அதில் வருகின்றன. இவற்றை இணைக்கும் தாவரவியல் ஒற்றுமை எதுவும் இல்லை. காசுக்கட்டி சாயத்துக்கும் தோல் பதனிடவும் உதவுவது. கடுக்காயும் மரப்பட்டையும் தோல் தொழிலுக்கு வேண்டிய டானின் தருபவை. இலுப்பைப் பூவிலிருந்து சாராயம் இறக்கலாம். அதனால் கலால் வருவாய்க்கு அதன்மேல் ஒரு கண். பத்தொன்பதாம் நூற்றாண்டின் துறைமுகக் கிட்டங்கியில் எந்தெந்த மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன என்பதை இப்பட்டியலிலிருந்தே ஊகித்துவிடலாம். மத்திய இந்தியாவில் ஒரு கோண்டுக் குடும்பம் தன் சொந்த வயல் வரப்பிலுள்ள இலுப்பை மரத்தடியில், விடியற்காலையில் கூடையுடன் பொறுக்கும் பூவும் இதன்படி வனவிளைபொருளே.

இவ்வளவு நுணுக்கமாகப் பொருள்களை வரையறுத்த அந்தச் சட்டம், 'காடு' என்றால் என்ன என்பதை எங்குமே வரையறுக்கவில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகளைப் பற்றித் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்று தீர்ப்புக் கூற நேர்ந்தது. இன்னொன்றையும் கவனிக்கலாம். 86 பிரிவுகள் கொண்ட இச்சட்டத்தில் கிராமக் காடு என்ற தலைப்பில் ஓர் அத்தியாயம் உண்டு. அதில் இருப்பது 28ஆம் பிரிவு ஒன்றே ஒன்று. காப்புக்காட்டை ஒரு கிராமத்தாரிடம் அரசு ஒப்படைக்கலாம் என்கிறது அது. பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பிரிவு ஏட்டோடு நின்றது. குமாவோன் மலைப்பகுதியில் 1931இல் வனப் பஞ்சாயத்துகள் அமைக்கப்பட்டபோதுகூட வேறொரு சட்டத்தின் கீழேதான் அமைக்கப்பட்டன.

நம் பகுதிக்கும் ஒரு சொல். சென்னை மாகாணம் 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தை ஏற்காமல் 1882இல் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் இன்றளவும் வழக்கில் உள்ளது அந்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்ததே. ஆகவே 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நேராகத் தொடவில்லை.

அடுத்து, 'சிறு வன மகசூல்' என்ற தொடர். வனத்துறைக் கணக்கில் வெட்டுமரமும் விறகும் பெருமகசூல். மற்றவை எல்லாம் சிறு மகசூல். தேன், நெல்லிக்காய், புளி, கடுக்காய், சீமாற்றுப்புல், அரக்கு, பீடி இலை என்று சிறு மகசூலின் பட்டியல் நீண்டது. எந்த அளவுகோலால் இவை சிறியவை? உயிரியலில் அப்படி ஒரு வகைப்பாடே இல்லை. மரம் வெட்டும் குத்தகைக்காரரின் கணக்கில் வேண்டுமானால் அவை சிறியவையாக இருக்கலாம். வயலில் வேலை இல்லாத கோடை மாதங்களில் கைக்குக் காசு வரும் வழி அவைதாம் என்பதால், காட்டோரக் குடும்பத்தின் கணக்கில் அவை பெரியவை.

அரசின் கணக்கிலும் அவை எப்போதும் சிறியவையாக இருந்ததில்லை என்பதற்குப் பீடி இலையே சான்று. திருநெல்வேலிப் பகுதியில் பீடி சுற்றும் பெண்களின் முறத்தில் கிடக்கும் இலை, கருங்காலியின் உறவான டயோஸ்பைரோஸ் மெலனாக்ஸிலான் என்னும் மரத்தினுடையது. பெரும்பகுதி மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வருவது. கோடைக்கு முன் செடிகளைக் கவாத்து செய்தால், அடியிலிருந்து கிளைக்கும் தளிர்களில் மெல்லிய, மடிக்க ஏற்ற இலைகள் தோன்றும். அவற்றைப் பறித்து ஐம்பது ஐம்பதாகக் கட்டி வெயிலில் உலர்த்துவார்கள். ஆயிரம் கட்டுகள் சேர்ந்தது ஒரு மூட்டை. அதாவது ஐம்பதாயிரம் இலை! இந்த வணிகத்தை மத்தியப் பிரதேசம் 1964இலும் ஒடிசா 1973இலும் சட்டம் செய்து அரசின் ஏகபோகமாக்கிக்கொண்டன. தரகரிடமிருந்து பறிப்பவரைக் காப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பறிப்பவர் தம் இலையைத் தம் விருப்பப்படி விற்கும் உரிமையை அது எடுத்துக்கொண்டது. சிறு மகசூல் என்று பெயரிட்டுவிட்டு, அதற்கென்று தனிச் சட்டமும் தனி இலாகாவும் வைத்துக்கொண்டதை என்னவென்பது?

இத்தகைய நிலையில், 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் ஒரு பெரிய திருப்பம். சிறு வன மகசூலின்மீது காட்டில் வாழும் மக்களுக்கு உடைமையுரிமை உண்டென்றும், தாம் காத்துவந்த சமுதாயக் காட்டைப் பேணவும் நிர்வகிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டென்றும் அது கூறியது. பட்டியல் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டமும் இந்த உடைமையைப் பேசியதுதான். ஆனால் சிறு வன மகசூல் எது என்பதை அது சொல்லாமல் விட்டதால், மூங்கில் அதில் சேராது என்று வனத்துறைகள் வாதிட இடமிருந்தது. அந்த ஓட்டையை 2006ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. மூங்கில், பிரம்பு, அடிமரக்கட்டை முதலியவற்றைப் பெயர் சொல்லியே சேர்த்தது.

இதைப் பாராட்டிவிட்டு, அதன் உயிரியலுக்கு வருவோம். சிறு வன மகசூல் என்பது 'தாவர மூலமுடைய' வெட்டுமரமல்லாத வனவிளைபொருள்கள் அனைத்தும் என்று தொடங்கும் அந்த வாசகம், அவற்றுள் டசர் பட்டு, கூட்டுப்புழுக் கூடுகள், தேன், மெழுகு, அரக்கு ஆகியவை அடங்கும் என்று தொடர்கிறது. டசர் பட்டு ஓர் அந்துப்பூச்சியின் புழு தன்னைச் சுற்றி நூற்றுக்கொள்ளும் கூடு. தேன்மெழுகு வேலைக்காரத் தேனீயின் வயிற்றுச் சுரப்பிகளில் ஊறுவது. அரக்கு, புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளையில் ஒட்டி வாழும் கெரியா லாக்கா என்னும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். தேனின் மூலப்பொருளான பூந்தேன் தாவரத்திலிருந்து வருவது மெய். ஆனால் அதைத் தேனாக்குவது தேனீயின் நொதிகளும் கூட்டின் காற்றோட்டமும். இவற்றைத் தாவர மூலம் என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

வியப்பு என்னவென்றால், 1927ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடத்தில் விலங்கியலைச் சரியாகவே எழுதியிருக்கிறது. பட்டு, கூடுகள், தேன், மெழுகு ஆகியவற்றை அது விலங்குகளிடமிருந்து வரும் பொருள்களோடு, தந்தம், கொம்பு, தோல் ஆகியவற்றின் வரிசையில் வைத்தது. பறிப்பதற்கு எழுதிய சட்டத்தில் விலங்கியல் சரி. கொடுப்பதற்கு எழுதிய சட்டத்தில் விலங்கியல் தவறு! 'தாவர மூலம்' என்ற சொல்லை வேட்டையை விலக்குவதற்காக இட்டிருப்பார்கள் என்று கருத இடமுண்டு. ஆனால் அதற்குத் தேவையே இல்லை. வேட்டையாடுவதும் கண்ணி வைப்பதும் விலங்கின் உடலுறுப்பை எடுப்பதும் உரிமையில் சேரா என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. பட்டியலில் பெயர் இருப்பதால் தேனுக்கும் அரக்குக்கும் தீங்கில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாத, பூச்சிகளிடமிருந்து கிடைக்கும் பிற பொருள்களுக்கு இந்த இரு சொற்கள் நாளை தடையாகலாம். வெட்டப்பட்ட மூங்கில் வெட்டுமரமானது போன்ற தருக்கத்தை யாரும் மீண்டும் செய்யக்கூடும்.

சட்டத்தைவிட, அதன்கீழ் 2008இல் வகுத்த விதிகளில் இன்னொரு விந்தை இருந்தது. மகசூலைக் கொண்டுசென்று விற்கும் முறைகளாகத் தலைச்சுமை, மிதிவண்டி, கைவண்டி ஆகியவை அங்கே சொல்லப்பட்டன. நெல்லிக்காய் மூட்டையை மிதிவண்டியில் வைக்கலாம். இருபது அடி மூங்கில் கழிகளை மிதிவண்டியில் எத்தனை வைக்கலாம்? வனவாசி என்றால் தலையில் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் போகிறவர் என்ற படம் விதி எழுதியவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். லாரி வியாபாரிக்கு உரியது! 2012இல் விதிகளைத் திருத்தியபோதுதான் இது மாறி, தக்க வாகனம் எதையும் பயன்படுத்தலாம் என்றாயிற்று. அனுமதிச் சீட்டு வழங்கும் பொறுப்பும் கிராம சபையின் குழுவுக்கு வந்தது.

அந்தத் திருத்தத்துக்குப் பின்னே மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மெண்டா-லேகா என்னும் சிற்றூர் நிற்கிறது. ஏறத்தாழ நூறு கோண்டுக் குடும்பங்கள் வாழும் ஊர். எந்த முடிவையும் பெரும்பான்மை வாக்கால் எடுக்காமல், அனைவரும் இசையும்வரை பேசி எடுப்பது அவர்கள் வழக்கம். காட்டைப் பற்றிக் கற்க ஊருக்குள்ளேயே படிப்புக் குழுக்கள் வைத்திருந்தார்கள். தேன் எடுக்கும்போது அடையை எரித்துப் பூச்சிகளைக் கொல்லாத முறையைக் கண்டு பழகியது அப்படி ஒரு குழுவின் பயன். ஏறத்தாழ 1,800 எக்டேர் காட்டின்மீது அவ்வூருக்குச் சமுதாய உரிமை 2009இல் கிடைத்தது. மூங்கில் விற்க முனைந்தபோது வனத்துறை அனுமதிச் சீட்டு தர மறுத்தது. மூங்கில் மரமல்லவா? 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூங்கில் என்ற சொல் கண்ணெதிரே இருந்தும், 1927இன் தாவரவியல் வலிமையாக இருந்தது. கடைசியில் 2011 மார்ச்சில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், மூங்கிலைச் சிறு வன மகசூலாகவே நடத்த வேண்டும் என்று மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 27ஆம் நாள் அவரே அவ்வூருக்குச் சென்று, அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் கையளித்தார். அதுவரை தங்கள் காட்டில் கூலிக்கு மூங்கில் வெட்டியவர்கள், அதன்பின் விலை பேசி விற்கலானார்கள். அவ்வூரின் தலைவர்களுள் ஒருவரான தேவாஜி தோஃபாவின் பெயர் இன்று காடு பற்றிப் பேசுவோர் பலருக்கும் தெரியும்.

'காட்டை மக்களிடம் விட்டால் அழித்துவிடுவார்கள், அறிவியல் முறைப்படி நிர்வகிக்க அறிந்தவர்கள் வேண்டும்' என்பது மறுதரப்பின் வாதம். இதைப் புறக்கணிக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்கக் கிடைத்த நல்ல வாய்ப்பு ஒன்று மூங்கில் ஆய்விலேயே இருக்கிறது. 1970களின் நடுவில் கர்நாடகத்தில் மூங்கில் குறைந்து வந்தது. கூடை முடையும் மேதர் மக்கள் மூங்கில் கிடைக்காமல் வாடினர். காகித ஆலைகளுக்கோ அது பெயரளவு விலையில் போய்க்கொண்டிருந்தது. மாநில அரசின் வேண்டுகோளின் பேரில் சூழலியலாளர் மாதவ் காட்கில் இதை ஆராய்ந்தார். மூங்கில் தூற்றின் அடியிலுள்ள முட்போர்வையை வெட்டி நீக்கினால் நெருக்கம் குறைந்து புதுக் குருத்துகள் நன்கு வரும் என்பது அந்நாளைய வனத்துறையின் 'அறிவியல்' பரிந்துரை. முள்ளை நீக்கினால் ஆடுமாடுகளும் காட்டு விலங்குகளும் குருத்தைத் தின்றுவிடும், முள்தான் வேலி என்றார்கள் ஊர்மக்கள். காட்கிலும் அவருடன் ஆய்ந்தவர்களும் தூறுகளைத் தொடர்ந்து கண்காணித்துக் கணக்கெடுத்தனர். ஊர்மக்கள் கூறியதே சரியாக இருந்தது. முள்ளை இழந்த தூறுகளில் குருத்துகள் மேயப்பட்டன.

இரண்டாவது சான்று நமக்கு அருகிலேயே, சத்தியமங்கலம் காடுகளை அடுத்துள்ள பிலிகிரி ரங்கன மலையில் இருக்கிறது. அங்கே வாழும் சோலிகர் மக்கள் நெல்லிக்காய், தேன், மரப்பாசி முதலியவற்றைச் சேகரித்து வாழ்ந்தவர்கள். நெல்லி மரங்கள் குறைவதற்குக் காய் பறிப்பதே காரணம் என்ற எண்ணம் வலுத்தது. 2002இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, சரணாலயத்தில் விற்பனைக்காகச் சேகரிப்பது சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. சோலிகர்கள் வேறு காரணம் கூறினார்கள். நெல்லியைக் கொல்வது புல்லுருவி; முன்பெல்லாம் பருவம் பார்த்துச் சருகுக்குத் தீ வைப்போம், அதை நிறுத்தியபின் புல்லுருவியும் உண்ணிச் செடியும் பெருகிவிட்டன என்றனர். காய் பறிக்க ஏறும்போது புல்லுருவி பற்றிய கிளையை வெட்டி எறிவதும் அவர்கள் வழக்கம். பறிப்பு நின்றபோது அந்த வேலையும் நின்றது. பெங்களூரின் ஏட்ரீ நிறுவனத்தாரும் அவர்களோடு இணைந்த ஆய்வாளர்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். நெல்லியின் சரிவில் காய் பறிப்பைவிடப் புல்லுருவியின் பங்கு முதன்மையானது என்ற முடிவுக்கு அவர்களின் ஆய்வுகள் இட்டுச்சென்றன. சோலிகர்களின் சமுதாய உரிமை 2011இல் ஏற்கப்பட்டது. அவ்வாண்டே அம்மலை புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று என்பதால், காப்பகத்துக்குள் இவ்வுரிமை பெற்ற முதல் மக்கள் அவர்களே. தமிழ்நாட்டுப் பக்கமோ, நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டா வழங்குவதே 2016 வரை தடைப்பட்டுக் கிடந்தது.

இவ்விரு சான்றுகளைக் கொண்டு, மக்கள் சொல்வது எப்போதும் சரி என்று முடிவுகட்டுவதும் அறிவியலாகாது. நெல்லிக்காய்க்குத் திடீரென விலை ஏறினால், மரமேறாமல் கிளையையே வெட்டிச் சாய்ப்பவர்களும் உண்டு. காடு யாருடையது என்று தெரியாத இடத்தில் இது மிகுதி. நான் விட்டால் அடுத்தவன் பறித்துவிடுவான் என்ற பதற்றம் அங்கே வேலை செய்கிறது. உரிமைச் சட்டத்தின் ஆதரவாளர்கள் எழுதுவனவற்றில் எனக்குத் தென்படும் குறை இவ்விடத்தில்தான். பட்டா கிடைத்த நாளோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு பறிக்கலாம், எத்தனை காயை விதைக்கு விட வேண்டும், எந்தக் கழியை வெட்டலாம், ஆண்டுதோறும் யார் எண்ணிக் குறித்துவைப்பது? சட்டம் காக்கும் கடமையைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. அளக்கும் முறையைத் தரவில்லை. மூங்கிலில் இதன் அருமை இன்னும் கூடும். பெருமூங்கில் ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, மூங்கிலரிசியை உதிர்த்துவிட்டு, தூறோடு மடிந்துபோகும். அந்த ஆண்டில் விதையை எவ்வளவு பொறுக்குவது, எவ்வளவு விடுவது, நாற்றுகளை மேய்ச்சலிலிருந்து எத்தனை ஆண்டு காப்பது என்று முடிவெடுக்கப் பழைய குறிப்புகள் வேண்டும். அத்தகைய குறிப்பேடு வனத்துறைக் கோப்புகளிலாவது கொஞ்சம் இருக்கிறது. அதைக் கிராம சபைகளின் கையில் கொடுக்க எந்த விதியும் கூறவில்லை.

இனி 2017. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அவசரச் சட்டமும், தொடர்ந்து திருத்தச் சட்டமும் வந்து, மரம் என்பதன் விளக்கத்திலிருந்து மூங்கில் என்ற சொல்லை எடுத்துவிட்டன. செய்தித்தாள்கள் மூங்கில் புல்லாகிவிட்டது என்று எழுதின. உழவர்கள் தம் நிலத்தில் மூங்கில் வளர்த்து வெட்டி விற்க இனி வனச் சட்டத்தின் சீட்டு வேண்டாம் என்பதே அதன் பயன், நல்ல பயன்தான். ஆனால் காட்டுக்குள் விளையும் மூங்கிலுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. மரமல்லாத செடிகளும், புல்லும்கூட, காட்டில் இருந்தால் வனவிளைபொருளே என்று அதே சட்டத்தின் இன்னொரு வரி கூறுகிறது. காட்டு மூங்கிலை விற்க வேண்டிய கோண்டுக் குடும்பம் இன்றும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

திருத்தம் செய்தவர்கள் தாவரவியலைச் சரிசெய்யவே அதைச் செய்தார்களா என்று அறிய, அந்த விளக்கத்தில் எஞ்சியுள்ள சொற்களைப் பார்க்கலாம். பனை இனங்கள் அப்படியே இருக்கின்றன. பிரம்பும் அப்படியே இருக்கிறது. பிரம்பு என்பது முட்களால் பிற மரங்களைப் பற்றி ஏறும் ஒரு கொடிப்பனை, அதற்கும் கேம்பியம் இல்லை, அதுவும் புறக்காழ். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது சிறு வன மகசூல்; 1927ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இன்னும் மரம்; வெட்டினால் வெட்டுமரம். நாற்காலியும் கூடையும் பின்னுவதற்குப் பிரம்பு வெட்டி வரும் குடும்பங்களிடம், எந்தச் சட்டத்தின்படி சீட்டு கேட்பது என்பதைச் சோதனைச் சாவடியில் நிற்பவரே இன்றும் முடிவு செய்துகொள்ளலாம்.